லிஃப்ட் நின்ற பிறகு வசூலா? ஃபிளாட் வைத்திருப்பவர்கள் போட வேண்டிய பழுதுக் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் அப்போது கரையில் நிற்கும். ஆனால் சும்மா நிற்காது. பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது, பெயின்ட் அடிப்பது, வலையைச் சரிசெய்வது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். அதே கரையில் கொஞ்சம் வடக்கே இருக்கும் கட்டுமாவடியில் சின்னப் படகு வைத்திருப்பவரைக் கேட்டாலும், "ஓட்டை விழட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்ல மாட்டார். ஓட்டை விழுவது நடுக்கடலில்தான் தெரியவரும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த மாதிரி ஊர்களிலிருந்து படித்து, வேலைக்குப் போய், சென்னையிலோ திருச்சியிலோ வங்கிக் கடனில் ஃபிளாட் வாங்கியவர்கள் ஏராளம். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்க பில்டிங்ல லிஃப்ட் எந்த வருஷம் மாத்தணும்? அதுக்கு இதுவரைக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கு?" இஎம்ஐ தேதி தெரியும், மாத மெயின்டனன்ஸ் தொகை தெரியும். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது.

பதில் வராத இடத்தில் வழக்கமாக வருவது வாட்ஸ்ஆப் மெசேஜ்தான். "லிஃப்ட் கம்பெனி இனி ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு 75 ஆயிரம். பதினஞ்சு நாளைக்குள்ள கட்டிடுங்க." அதற்குப் பிறகு நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தரைத்தள வீட்டுக்காரர் "நான் லிஃப்ட்டே யூஸ் பண்றதில்லை" என்பார். வெளிநாட்டில் இருப்பவர் பதிலே போட மாட்டார். ஓய்வூதியத்தில் இருக்கும் மூன்றாம் மாடி அம்மாவுக்கு அந்தத் தொகை நிஜமாகவே கையில் இருக்காது. லிஃப்ட் நான்கு மாதம் நிற்கும்.

சண்டை லிஃப்ட்டைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அந்த 75 ஆயிரம் திடீரென்று வந்த செலவு இல்லை. லிஃப்ட் ஓட ஆரம்பித்த முதல் நாளிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இருபது வருடம் தேய்மானம் ஓடியது, யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இடையில் பத்து வருடம் குடியிருந்து, ஏறி இறங்கி, நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போனவர் தன் பங்கைக் கட்டவே இல்லை. அவருக்கும் சேர்த்து, போன வருடம்தான் வாங்கிக் குடிவந்தவர் கட்டுகிறார்.

பழுது நிதி என்பதை "எதிர்காலத்துக்கான சேமிப்பு" என்று சொல்லிச் சொல்லியே பலர் அதைத் தள்ளிப்போட வைத்துவிட்டோம். இன்று பயன்படுத்திய அளவுக்கு இன்றே கட்டும் வாடகை மாதிரி அதைப் பார்த்தால் விஷயம் சட்டென்று பிடிபடும்.

மூன்று பணம், மூன்று வேலை

சங்கத்தின் கையில் இருக்கும் பணம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கிறது. மாத மெயின்டனன்ஸ் என்பது வாட்ச்மேன் சம்பளம், பொது மின்கட்டணம், குப்பை, தண்ணீர் லாரி போன்ற அன்றாடச் செலவு. அது அந்தந்த மாதமே தீர்ந்துவிடும். கார்பஸ் என்பது வீட்டை ஒப்படைக்கும்போது பில்டர் ஒவ்வொருவரிடமும் ஒருமுறை வாங்கிச் சங்கத்திடம் கொடுக்கும் தொகை. மூன்றாவதுதான் சிங்கிங் ஃபண்ட் என்று சொல்லப்படும் பழுது நிதி. பெரிய பொருட்களை மாற்றவும் கட்டடத்தைச் செப்பனிடவும் மாதாமாதம் சேர்ப்பது.

"கார்பஸ் இருக்கே, அது போதாதா?" என்று கேட்பவர்கள் அதிகம். பெரும்பாலான இடங்களில் போதாது. கார்பஸின் வட்டியை எடுத்து மாத மெயின்டனன்ஸைக் குறைத்துக் காட்டுவது பல சங்கங்களில் பழக்கம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அசல் அப்படியே நிற்க, விலைவாசி ஏறிக்கொண்டே போனால், பத்து வருடத்தில் அந்த அசலுக்கு முக்கால்வாசி மதிப்புகூட இருக்காது. போதாக்குறைக்கு முதல் பெயின்டிங்குக்கே கார்பஸை உடைத்துவிடும் சங்கங்களும் உண்டு.

ஒரு கணக்குப் போடுவோம்

40 வீடுகள், நான்கு மாடி, இரண்டு லிஃப்ட் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக மட்டுமே. உங்கள் கட்டடத்துக்கு நிஜக் கொட்டேஷன் வாங்கித்தான் போட வேண்டும்.

வெளிச்சுவர் பெயின்டிங் 12 லட்சம், ஆறு வருடத்துக்கு ஒருமுறை. அப்படியென்றால் வருடத்துக்கு 2 லட்சம். மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பு 6 லட்சம், பத்து வருடம். வருடத்துக்கு 60 ஆயிரம். இரண்டு லிஃப்ட்டும் சேர்த்து 30 லட்சம், இருபது வருடம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம். ஜெனரேட்டர் 9 லட்சம், பதினைந்து வருடம், 60 ஆயிரம். மோட்டார், போர்வெல், சம்ப் வேலைகள் 4 லட்சம், எட்டு வருடம்; 50 ஆயிரம். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் 20 லட்சம், இருபத்தைந்து வருடம், 80 ஆயிரம்.

எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 6 லட்சம். 40 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 15 ஆயிரம். மாதத்துக்கு 1,250 ரூபாய். ஓடிடி சந்தா, வார இறுதி ஸ்விக்கி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலைக்கிற தொகை இல்லை.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? லிஃப்ட்டை மட்டும் பார்ப்போம். முதல் வருடத்திலிருந்தே சேர்த்தால் அதற்கு வருடம் ஒன்றரை லட்சம் போதும். பன்னிரண்டு வருடம் ஒன்றும் சேர்க்காமல் விட்டுவிட்டு ஆரம்பித்தால், மீதி எட்டு வருடத்தில் அதே 30 லட்சத்தைச் சேர்க்க வருடத்துக்கு 3 லட்சத்து 75 ஆயிரம் வேண்டும். இரண்டரை மடங்கு.

விலையும் ஒரே இடத்தில் நிற்காது. வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் எதுவும் இரட்டிப்பாகும். இன்று 15 லட்சத்துக்குக் கிடைக்கும் லிஃப்ட் இருபது வருடம் கழித்து 48 லட்சத்தைத் தொடும். பயப்பட வேண்டாம், இதற்கு எளிய வழி உண்டு. மாதத் தொகையை ஒவ்வொரு வருடமும் ஐந்தாறு சதவீதம் ஏற்றிக்கொண்டே போவது. டெபாசிட் வட்டி விலைவாசியோடு ஓரளவு ஓடிவரும், தொகையும் ஏறும், கணக்கு பெரிதாகத் தவறாது. 1,250 அடுத்த வருடம் 1,325 ஆகும். அந்த 75 ரூபாய் ஏற்றத்துக்கு யாரும் பொதுக்குழுவில் நாற்காலியைத் தூக்க மாட்டார்கள். பத்து வருடம் ஏற்றாமல் விட்டுவிட்டு ஒரேயடியாக இரட்டிப்பாக்கினால்தான் தூக்குவார்கள்.

மகாராஷ்டிரத்தில் இதை ஒவ்வொரு சங்கமும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அங்குள்ள கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி விதிகள், வீட்டின் கட்டுமானச் செலவில் வருடத்துக்குக் குறைந்தது 0.25 சதவீதம் சிங்கிங் ஃபண்டுக்கும், 0.75 சதவீதம் பழுதுபார்ப்புக்கும் வசூலிக்கச் சொல்கின்றன. நிலத்தின் விலை இதில் சேராது. கட்டுமானச் செலவு 25 லட்சம் என்றால் இரண்டும் சேர்த்து வருடம் 25 ஆயிரம், மாதம் சுமார் 2,083 ரூபாய். மேலே போட்ட 1,250-ஐவிட அதிகம். ஆகவே அது மிகையான கணக்கு இல்லை.

கடல் பக்கம் என்றால் இன்னும் சீக்கிரம்

கட்டுமாவடி போன்ற கடற்கரை ஊரில் ஜன்னல் கிரில் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் கட்டடங்களிலும் அதே உப்புக்காற்றுதான். உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருவாக மாறும்போது அது பல மடங்கு பருக்கும். பருத்த துரு உள்ளேயிருந்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கொத்தனார் "காரை உதிருது, கம்பி தெரியுது" என்று சொல்லும் நிலை அது. முதல் விரிசலிலேயே கவனித்தால் ஒரு தொகை. கம்பி தெரிந்த பிறகு பல மடங்கு. கடலோரக் கட்டடத்துக்கு ஆறு வருடப் பெயின்டிங்கை நான்கு அல்லது ஐந்து வருடமாக எழுதிக்கொள்வது நல்லது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. அந்த மாதிரிச் சேதத்துக்குக் காப்பீடு எடுக்க வழி உண்டு. வருடக்கணக்கில் தேய்ந்து, துருப்பிடித்து, கசிந்து வரும் பழுதுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. புயலுக்குப் பாலிசி, தேய்மானத்துக்குப் பழுது நிதி. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

விரிசல் விட்ட கட்டடங்கள்

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், அன்றைய குடிசை மாற்று வாரியம் 1993-இல் கட்டிய குடியிருப்பின் ஒரு பிளாக் சரிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டம். விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. கட்டடத்துக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அது அரசு கட்டிக் கொடுத்த வீடு, அங்கே இருந்தவர்களிடம் "நீங்க ஏன் சேர்த்து வைக்கலை?" என்று கேட்பது நியாயமாகாது. இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கும் அந்த அமைப்பு, பிறகு 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களை உருவாக்கி, அவர்கள் கட்டும் பராமரிப்புத் தொகைக்கு அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அன்றாடப் பராமரிப்புக்கும் இருபது வருடம் கழித்து வரும் பெரிய வேலைக்கும் தனித்தனிப் பை வேண்டும் என்ற பாடம் அங்கும் பொருந்தும்.

அதே 2021-இல், ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில் 12 மாடிக் கட்டடம் ஒன்று நள்ளிரவில் இடிந்து 98 பேர் இறந்தார்கள். 2018-லேயே ஒரு பொறியாளர் நீச்சல்குளத் தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்பு செயலிழந்ததையும் கான்கிரீட் சேதத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார். வேலைக்குச் சுமார் 1.5 கோடி டாலர் தேவைப்பட்டது. சங்கத்தின் கையிருப்பு 8 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. யார் எவ்வளவு கட்டுவது என்ற வாக்குவாதம் நீண்டது. கூடுதல் வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது 2021 ஏப்ரலில். பணம் இல்லாததால்தான் கட்டடம் இடிந்தது என்று சொல்லிவிட முடியாது, வடிவமைப்பிலும் கோளாறுகள் இருந்தன. ஆனாலும் மூன்று வருடம் எதற்காகப் போனது என்ற கேள்வியை ஃபுளோரிடா தவிர்க்கவில்லை. அடுத்த வருடமே சட்டத்தை மாற்றியது. மூன்று மாடி அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகளில் கட்டமைப்புப் பழுதுக்கான நிதியை "இந்த வருடம் வேண்டாம்" என்று ஓட்டுப்போட்டுத் தள்ளுபடி செய்யும் உரிமையை எடுத்துவிட்டது.

சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊரிலும் இருப்பார்கள். அங்குள்ள அரசு அடுக்குமாடிகளின் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி சட்டப்படி நேராகச் சிங்கிங் ஃபண்டுக்குப் போகிறது. 2017 முதல் லிஃப்ட் மாற்றுவதற்கென்றே தனி நிதி வைத்திருக்கிறார்கள். அங்கே பெயின்ட் உரியாமல் இருப்பதற்கு ஒழுக்கம் மட்டும் காரணமில்லை, ஒதுக்கீடும் காரணம்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

வீடு ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால், ரெரா சட்டத்தின் 14(3) பிரிவின்படி பில்டர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். பல சங்கங்கள் இந்த ஐந்து வருடத்தைத் தூங்கியே கழிக்கின்றன. நான்காவது வருட முடிவில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துக் கட்டடத்தை முழுக்கப் பார்த்து, எழுத்துபூர்வமாக பில்டரிடம் கொடுத்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் சங்கத்தின் செலவு.

தமிழ்நாட்டின் 1994-ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்பதுதான் இதில் அதிகம் பேசப்பட்ட அம்சம். "பழசானா பில்டர் வந்து இடிச்சுக் கட்டித் தருவார், எதுக்கு இப்ப காசு கட்டணும்?" என்ற எண்ணத்துக்கு இது தீனி போட்டிருக்கிறது.

அந்த எண்ணம் எல்லோருக்கும் பலிக்காது. தியாகராய நகரில் எட்டு வீடுகள் உள்ள பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலப் பங்கு கணிசமாக இருக்கும். கூடுதல் மாடி கட்ட இடமும் இருக்கும். பில்டருக்கு லாபம், அதனால் வருவார். பழைய மகாபலிபுரம் சாலையில் பதினைந்து மாடி டவரில் வீடு வாங்கியவருக்கு யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு மிகச் சின்னது. அனுமதிக்கப்பட்ட அளவை ஏற்கெனவே கட்டித் தீர்த்துவிட்டார்கள். முப்பது வருடம் கழித்து அங்கே எந்த பில்டரும் கதவைத் தட்டப்போவதில்லை. அந்தக் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்துக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. இளம் வயதில் இருபது வருடக் கடனில் வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கட்டடத்தில்தான் வாங்குகிறார்கள்.

"அந்தப் பணத்தை நானே எஸ்ஐபி போட்டுக்கறேன்"

விவரம் தெரிந்த இளைஞர்கள் சொல்லும் எதிர்வாதம் இது. சங்கம் டெபாசிட்டில் போட்டு ஆறேழு சதவீதம் வாங்குவதற்கு, நானே மியூச்சுவல் ஃபண்டில் போட்டு வைத்து, தேவைப்படும்போது கொடுக்கிறேனே என்பார்கள். தனி வீட்டுக்கு இது சரி. 40 வீட்டில் 33 பேர் அப்படிச் சேர்த்து வைத்து, 7 பேர் வைக்காவிட்டால் வேலை நின்றுவிடும். மொட்டைமாடியில் உங்கள் பங்குக்கு மட்டும் கசிவுத் தடுப்பு போட முடியாது.

இன்னொரு எதிர்ப்பு கூடுதல் நியாயமானது: "கமிட்டி மேல நம்பிக்கை இல்லை." பெரிய தொகை ஒரே இடத்தில் சேர்ந்தால் அதை எடுத்து பூங்காவுக்கு டைல்ஸ் ஒட்டவும், வாசலுக்கு கிரானைட் வளைவு கட்டவும் கை அரிக்கும். அதனால் வசூலைத் தொடங்கும் முன்பே பூட்டைத் தயார்செய்ய வேண்டும். தனி வங்கிக் கணக்கு. எந்தெந்தச் செலவுக்கு எடுக்கலாம் என்று பைலாவில் பட்டியல். அதற்கு வெளியே எடுக்கப் பொதுக்குழு ஒப்புதல். மூன்று பேரில் இருவர் கையெழுத்து. மாதம் ஒருமுறை பேலன்ஸ் ஸ்டேட்மென்ட் அப்படியே குரூப்பில். அசோசியேஷன் பணத்தைச் சீட்டு போடுவதோ, உறுப்பினருக்குக் கைமாற்றாகக் கொடுப்பதோ, எவ்வளவு நல்லவர் கேட்டாலும் கூடாது.

டெபாசிட்டையும் ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். ஒரு வங்கி திவாலானால் டெபாசிட் காப்பீடு தருவது ஒரு டெபாசிட்தாரருக்கு 5 லட்சம் வரை மட்டுமே. சங்கமும் ஒரே டெபாசிட்தாரர்தான். ஏழாவது வருடப் பெயின்டிங்குக்கான பணம் ஏழாவது வருடத்திலும், லிஃப்ட் பணம் பின்னாலும் முதிர்வடையும்படி பிரித்துப் போட்டால் இடையில் உடைக்க வேண்டிவராது. வரி விஷயத்தில் ஒன்று நினைவிருக்கட்டும். உறுப்பினர்களிடமிருந்து வரும் சந்தாவுக்கு உள்ள 'பரஸ்பரத்தன்மை' விலக்கு வங்கி வட்டிக்குக் கிடைக்காது என்று 2013-இல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாதக் கட்டணம் ஒரு உறுப்பினருக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி கேள்வியும் வரும். இந்த இரண்டுக்கும் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசுவது போதும்.

வாடகைக்கு இருப்பவர், வாங்கப் போகிறவர்

அன்றாட மெயின்டனன்ஸை வாடகைதாரர் கட்டலாம். பழுது நிதி வீட்டு உரிமையாளரின் பாக்கி. வாடகைதாரர் தலையில் கட்டுவது சரியில்லை. வாடகை ஒப்பந்தத்தில் இதை ஒரு வரி எழுதிவிட்டால் பிறகு பேச்சு வராது.

செகண்ட்-ஹேண்ட் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் கிச்சன் மாடுலரா, கார் பார்க்கிங் மூடியதா என்று பார்ப்பதோடு, சங்கச் செயலாளரிடம் மூன்று விஷயம் கேட்கலாம். பழுது நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, அடுத்த ஐந்து வருடத்தில் என்ன பெரிய வேலை வருகிறது, எத்தனை வீட்டில் பாக்கி. 18 வருடக் கட்டடம், நிதி பூஜ்யம், லிஃப்ட் பழையது என்றால் சொல்லப்படும் விலையில் ஒரு லட்சமாவது குறைத்துப் பேச உங்களுக்குக் காரணம் இருக்கிறது. விற்பவர் இத்தனை வருடம் கட்டாமல் விட்ட பங்கு அது.

ஏற்கெனவே பழைய கட்டடத்தில் இருப்பவர்கள், இவ்வளவு நாள் போய்விட்டதே என்று விட்டுவிட வேண்டாம். முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: எந்தப் பொருள், எப்போது போட்டது, இன்னும் எத்தனை வருடம் வரும், இன்றைய விலை என்ன. நம் கோயில்களில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கோபுரம் உதிரும் வரை காத்திருந்து யாரும் நாள் குறிப்பதில்லை. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்துப் பழகிய மக்களுக்கு, எல்லோரும் பங்கு போட்டுப் பொதுவானதைக் காப்பது புதிய பாடமும் இல்லை.

நோட்டில் எழுதிய பிறகு முழுத் தொகையையும் முதல் மாதமே வசூலிக்கப் பார்த்தால் எதிர்ப்பில் எல்லாம் நின்றுபோகும். முதல் வருடம் தேவையில் பாதி, இரண்டாம் வருடம் முக்கால், மூன்றாம் வருடம் முழுசு என்று போகலாம். உயிருக்கு ஆபத்தானவை முதலில்: லிஃப்ட், மின்சார பேனல், உதிரும் பால்கனி. பெயின்ட் ஒரு வருடம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. இந்த நிதியாண்டின் பொதுக்குழுக் கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்றால், அஜெண்டாவில் இதை ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிச் செயலாளருக்கு இன்றே ஒரு மெசேஜ் அனுப்பலாம்.